பிள்ளைகள் தூங்கியபின் ஓடும் கார்ட்டூன்

சேலத்தில் இன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஷின்சானைத் தெரியும் என்பார்கள். பள்ளி விட்டு வந்து சீருடையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்ததையும், "இந்தப் பையனைப் பார்த்துத்தான் நீ வாய் காட்டுறே" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்தே சொல்வார்கள். அம்மாக்களின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஜப்பானில் யோஷிட்டோ உசுய் 1990-ல் ஷின்சானை வரைய ஆரம்பித்தது வளர்ந்த ஆண்கள் வாசிக்கும் ஒரு வார இதழில். 1992-ல் அது அங்கே டிவிக்கு வந்தது. 2006-ல் அமெரிக்காவில் அதற்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவர்கள், வசனங்களைப் பெரியவர்களுக்கான கிண்டலாக மாற்றி எழுதி, அடல்ட் ஸ்விம் என்ற இரவுப் பகுதியில் ஒளிபரப்பினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தியாவில் அது பிள்ளைகள் சேனலில் ஓடத் தொடங்கியது.

படம் ஒன்றுதான். யார் பார்க்கிறார்கள், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதை வைத்து அது வேறு சரக்காகிவிட்டது. பெரியவர்களுக்கான பின்னிரவுக் கார்ட்டூன் ஏன் இத்தனை பேரை இழுக்கிறது என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கெட்ட வார்த்தை தாராளமாக வருகிறது, அதனால் பார்க்கிறார்கள் என்பது வழக்கமான பதில். அது மேல்பூச்சு. யாரும் கண்காணிக்காத ஒரு நேரமும், யாருடைய மானமும் ஒட்டிக்கொண்டிராத ஒரு கோட்டுருவமும் ஒன்றுசேரும்போது வேறெங்கும் கிடைக்காத ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. அதைத் தேடித்தான் போகிறார்கள். நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை.

கார்ட்டூன் பிள்ளைகளுக்கு என்ற எண்ணமே பிற்பாடு வந்ததுதான். அமெரிக்காவில் 1960-ல் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தொடங்கியபோது அது வெள்ளிக்கிழமை இரவு, குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் வந்தது. அதன் விளம்பரதாரர்களில் ஒன்று ஒரு சிகரெட் கம்பெனி. தொடரின் நாயகர்கள் ஃப்ரெடும் பார்னியும் சிகரெட் பிடித்துக்கொண்டே அதன் பெருமையைச் சொன்னார்கள். அதன்பிறகு சனிக்கிழமை காலை நேரம் மொத்தமும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டு, கார்ட்டூன் அங்கே குடியேறிவிட்டது. அதை மறுபடி மாலைக்குக் கொண்டுவந்தது 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கிய சிம்ப்சன்ஸ். 1993-ல் எம்டிவியில் பீவிஸ் அண்ட் பட்ஹெட், 1997-ல் சவுத் பார்க் என்று வரிசை நீண்டது. இவை எல்லாம் பெரியவர்களுக்கானவை. ஆனால் விசித்திரமானவை, அதாவது "இது என்னய்யா?" என்று ஒரு நிமிடம் முழிக்க வைப்பவை, இரவு இன்னும் முற்றியபிறகே முளைத்தன.

அமெரிக்க டிவி முதலாளி டெட் டர்னரின் நிறுவனம் 1991-ல், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸை எடுத்த ஹன்னா பார்பெரா ஸ்டுடியோவை அதன் பழைய படங்களோடு வாங்கி, அடுத்த வருடம் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கியது. பழைய படம் மலைபோலக் குவிந்திருக்கிறது, புதிதாக எடுக்கப் பணம் குறைவு. இந்த நெருக்கடியிலிருந்து 1994-ல் வந்ததுதான் ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட். 1966-ல் வந்த ஒரு விண்வெளிச் சூரனின் பழைய படங்களை வெட்டி எடுத்து, அவனை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பேட்டி எடுப்பவனாக மாற்றினார்கள். எதிரே ஒரு டிவி திரையில் நிஜ மனிதர், நிஜப் பிரபலம். பேட்டியைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு, கேள்விகளைப் பிறகு வேறு மாதிரி எழுதிச் சேர்ப்பார்கள். ஒன்று கேட்டால் இன்னொன்று பதிலாக வரும். அப்புறம் ஒரு மௌனம். சூரன் சும்மா உட்கார்ந்திருப்பான், விருந்தினர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், திரையில் ஒன்றும் நடக்காது. அந்த மௌனம் தாங்க முடியாத அளவுக்கு நீளும்போது சிரிப்பு வரும்.

அதே ஆட்கள்தான் அட்லாண்டாவில் இருந்துகொண்டு, 2001 செப்டம்பர் 2 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு நேரத்தைத் தனியாகப் பிரித்து அடல்ட் ஸ்விம் என்று ஆரம்பித்தார்கள். ஒரு மில்க்ஷேக் கோப்பை, ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கறி உருண்டை, மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கும் ஆக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ் அந்தக் கூட்டத்தில் பிறந்தது. முதலில் அவர்கள் துப்பறிவாளர்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. சீக்கிரமே அதையும் விட்டுவிட்டார்கள். பிறகு அவர்கள் வீட்டில் சண்டை போடுவது, பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்வது, அவ்வளவுதான். ஒரு எபிசோடு பதினோரு நிமிடம் போல வரும். நிகழ்ச்சிகளுக்கு நடுவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வரிகள் ஓடும். தூக்கம் வராத ஒருவர் தூக்கம் வராத இன்னொருவருக்கு எழுதியது போன்ற வரிகள். அந்த நட்பான குரலுக்காகவே சேனலை மாற்றாமல் இருந்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்து இந்தியாவில் நிலைமை நேர்மாறு. 1990-களில் கேபிள் வைத்திருந்த சேலத்து வீடுகளுக்கு இது நினைவிருக்கும்: பகலில் கார்ட்டூன் நெட்வொர்க்காக இருந்த அதே சேனல் பிறகு டிஎன்டியாக மாறி, பழைய ஆங்கிலப் படங்களை ஓட்டும். பொழுது சாய்ந்தால் கார்ட்டூன் கடை மூடிவிடும். இரவுக்கு ஒரு கார்ட்டூன் தேவைப்படும் என்று இங்கே யாரும் யோசிக்கவில்லை.

இந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பக் காரணம் ஒன்றை விளக்கியாக வேண்டும், அது தெரியாமல் மீதி புரியாது. டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் கார்ட்டூன் பிரிவு 1957-ல் மூடப்பட்டதும் டிவிக்கு வந்தார்கள். டிவி கொடுத்த பணம் சொற்பம். டாம் ஓடும்போது உடம்பு முழுக்க ஓடும், ஒவ்வொரு அசைவுக்கும் தனிப் படம் வரைய வேண்டும். அந்த ஆடம்பரம் இனிக் கட்டுப்படியாகாது. அதனால் யோகி கரடியின் கழுத்தில் ஒரு காலரும் டையும் மாட்டினார்கள். காலருக்குக் கீழே உடம்பு அசையாமல் நிற்கும், மேலே தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும். அடுத்த முறை அவர்களுடைய பழைய டிவி கார்ட்டூன் பார்க்கும்போது கழுத்தைக் கவனியுங்கள், பல மிருகங்களுக்கு ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும்.

உடம்பு நின்றுவிட்டால் படத்தைத் தூக்கிச் சுமப்பது எது? குரலும் வசனமும்தான். அசைவின் நகைச்சுவை பேச்சின் நகைச்சுவையாக மாறியது இந்த ஏழ்மையால்தான். பேச்சு என்று வந்துவிட்டால் அது பெரியவர்களின் இடம்: தயக்கம், இடைவெளி, சொல்லாமல் விட்டது, சொல்லிவிட்டு வருந்துவது. பின்னிரவுக் கார்ட்டூன்காரர்கள் அந்த மலிவை மறைக்கவில்லை, அதையே பாணியாக எடுத்துக்கொண்டார்கள். சவுத் பார்க்கின் ஆரம்ப முயற்சிகள் காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்தவை. பிறகு கணினிக்கு மாறியும் அந்தக் காகித முகத்தைக் கைவிடவில்லை. வரைவது எளிது என்பதால் ஒரு வாரத்துக்குள் ஒரு எபிசோடை முடித்து, முந்தின வாரச் செய்தியை அதில் கொண்டுவர முடிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படத்துக்கு ஆயிரம் பேரின் சம்மதம் வேண்டும். மலிவாகச் செய்வதைப் பத்துப் பேர் அறைக்குள் முடிவெடுத்துச் செய்யலாம். அந்தப் பத்துப் பேரின் கிறுக்கு அப்படியே திரைக்கு வந்து சேர்கிறது. பார்ப்பவர் ரசிப்பது அதைத்தான்.

சரி, நேரத்துக்கு வருவோம். சேலம் இரவில் விழித்திருக்கும் ஊர். அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளைப் பக்கத்திலும் தறிச் சத்தம் இரவு முழுக்கக் கேட்கும் தெருக்கள் உண்டு. இரும்பாலைக்கு நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், லாரி ஏற்றி இறக்குகிறவர்கள், புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் என்று பதினொரு மணிக்குமேல்தான் சொந்த நேரம் கிடைக்கும் ஒரு பெருங்கூட்டம் இங்கே இருக்கிறது. ஏற்காட்டில் தங்கும் விடுதிகளில் வேலை செய்யும் பையன்களுக்கும் அதே கதை: கடைசி விருந்தினர் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, குளிரில் அறைக்குத் திரும்பும்போது மலை மொத்தமும் அடங்கியிருக்கும். முன்பெல்லாம் ஊருக்குள் இருப்பவர்களுக்கு இரண்டாம் ஆட்டம் இருந்தது. இரண்டாம் ஆட்டத்தின் சிரிப்பே வேறு. மாலைக் காட்சியில் குடும்பத்தோடு வாய்பொத்திச் சிரித்தவர், இரவுக் காட்சியில் வாய்விட்டுச் சிரிப்பார்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கொலுசுப் பட்டறைக்கு, தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியில், ஓர் இரவு போயிருந்தேன். பற்றவைக்கும் வேலை முடிந்து தேநீருக்காக நிறுத்தியிருந்தார்கள். இளைஞர் ஒருவர் போனை வெள்ளி எடை போடும் தராசுப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, காதில் ஒற்றை இயர்போனோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதே மில்க்ஷேக் கோப்பையும் வறுவல் பொட்டலமும். கோப்பை ஏதோ கேட்கிறது, வறுவல் பதில் சொல்லாமல் நிற்கிறது, ஆங்கிலச் சப்டைட்டில் வந்து போகிறது. இவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"இதுல என்னப்பா சிரிப்பு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே நடக்கலீங்கண்ணா, அதான்" என்றார்.

"வீட்டு டிவியில போட்டுப் பாக்கலாமே?"

"அய்யோ, கார்ட்டூனுன்னு நெனச்சு எங்கக்கா பையன் வந்து மடியில உக்காந்துக்குவான்ணா. அப்பா வேற பக்கத்துல இருப்பாரு."

அந்தப் பதிலுக்குள் விஷயம் முழுக்க இருக்கிறது. நம் வீடுகளில் டிவி ஹாலில் இருக்கிறது. ஹால் என்பது அப்பா, அம்மா, பாட்டி, மருமகள், குழந்தை எல்லோரும் இருக்கும் இடம். அங்கே ஓடும் எதுவும் எல்லோர் முன்னாலும் நடக்கிற காரியம். அதில் ஒரு முத்தக் காட்சி வந்தாலே ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்போம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபிறகு, ஹாலுக்கு வெளியே ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் திரை கிடைத்தது. நம் ஊரில் பின்னிரவுக் கார்ட்டூனுக்கு ஆள் சேர்ந்தது அதன்பிறகுதான். பாட்டியின் முன்னால் எடுத்துக்கொள்ளும் முகத்தைக் கழற்றிவைக்க ஒரு பதினோரு நிமிடம், மறுநாள் வேலைக்குப் போவதற்குள். அது அற்பமான தேவை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தத் தேவையை நம் முன்னோர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக்காலத்தில் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். முன்னிரவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேசும் நகைச்சுவையும் இரண்டு மணிக்குப் பேசும் நகைச்சுவையும் ஒன்றில்லை. பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, அவை தூங்கிவிட்டன என்று தெரிந்தபிறகு அவன் வாய் அவிழும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை, வட்டிக்கு விடுகிறவனின் கணக்கு, உள்ளூர்ப் பெரிய மனிதரின் வேட்டி எதுவும் தப்பாது. துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவான். பழைய கதைக்குள் இன்றைய பேச்சு. 1966-ன் விண்வெளிச் சூரன் 1994-ல் பேட்டி எடுத்தானே, அந்த வேலைதான் இது.

கோட்டுருவத்தின் சுதந்திரமும் நமக்குப் பழக்கமே. தென் மாவட்டங்களின் தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய உருவங்கள் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கொளியில் ஆடும். ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் வந்து செய்கிற அட்டகாசத்தில் பச்சையான பேச்சு உண்டு, அடிதடி உண்டு, உடம்பின் எல்லா இயற்கை உபாதைகளும் உண்டு. ஒரு நடிகர் மேடையில் அதைச் செய்தால் மறுநாள் தெருவில் அவரைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கும். பாவைக்கு மறுநாள் இல்லை. பெட்டிக்குள் போய்விடும். சொன்னது பாவைதானே என்று ஆட்டுவித்தவரும் விலகிக்கொள்ளலாம், சிரித்தவரும் விலகிக்கொள்ளலாம். இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், வரைந்த உருவங்கள் பெரியவர்களுக்காகப் பேசுவதை இரவுக் கார்ட்டூன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அபத்தமும் நமக்குப் புதிதில்லை. கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காமெடியை நினைத்துப் பாருங்கள். ஒரு பழம் கையில் இருக்கிறது, இன்னொன்று எங்கே என்ற ஒரே கேள்வி, திரும்பத் திரும்ப ஒரே பதில். தர்க்கம் ஒரு வட்டத்தில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. படம் வந்தது 1989-ல், சிம்ப்சன்ஸ் தொடங்கிய அதே வருடம். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கவுண்டமணி அந்த அபத்தத்தை அடித்து முடித்துவைப்பார், நமக்கும் நிம்மதி. பின்னிரவுக் கார்ட்டூன் முடித்துவைக்காது. அப்படியே தொங்கவிட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். பகலில் இது எரிச்சலூட்டும். நாள் முழுக்க எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துக் களைத்தவருக்கு, முடிக்கப்படாத ஒன்றைப் பார்ப்பதில் ஓர் ஓய்வு இருக்கிறது.

சிரிப்பு மட்டும் என்றால் இந்த வகை இத்தனை தூரம் வந்திருக்காது. 2014 முதல் 2020 வரை வந்த போஜாக் ஹார்ஸ்மேன் தொடரின் நாயகன் ஒரு குதிரை. ஒரு காலத்தில் டிவி நட்சத்திரம், இப்போது குடியும் தன்வெறுப்புமாக இருக்கிறவன். ஐந்தாம் பருவத்தில் ஓர் எபிசோடு கிட்டத்தட்ட முழுக்க அவன் தன் அம்மாவின் இறுதிச் சடங்கில் நின்று பேசுவதுதான். தன்னை ஒருநாளும் நேசிக்காத அம்மாவைப் பற்றி இருபது நிமிடத்துக்குமேல் ஒரே ஆள் பேசுகிறான். நடுநடுவே நகைச்சுவை, அது எடுபடாமல் போவது, மறுபடி பேச்சு. அம்மாவைப் பற்றி இப்படிப் பேச நம் சினிமாவில் ஒரு கதாநாயகனுக்கு அனுமதி கிடையாது. மனிதமுகம் என்றால் நாம் உடனே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுவோம். குதிரைமுகம் என்பதால் காதைக் கொடுக்கிறோம். அதை இரவில் தனியாகப் பார்த்துவிட்டு வெகுநேரம் தூங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

இந்தப் பட்டியலில் எல்லாமே நல்ல சரக்கு என்று சொல்லவில்லை. சுதந்திரம் கிடைத்ததும் அதைப் பெண்களின் உடம்பைக் கேலி செய்வதற்கும், நிறத்தையும் ஊனத்தையும் சீண்டுவதற்கும் மட்டுமே செலவழித்த தொடர்கள் ஏராளம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் பாதிக்குமேல் கூசுகிறது. கூத்தில் நள்ளிரவுக்குப்பின் வரும் பேச்சிலும் இதே குறை உண்டு, அடி பெரும்பாலும் பெண்களின் மேலேயே விழும். வாய் அவிழ்வது ஒன்று, அவிழ்ந்த வாய் யாரைக் கடிக்கிறது என்பது இன்னொன்று. தனக்கு மேலே இருப்பவனைக் கடிக்கும்போது கட்டியக்காரன் பெரிய கலைஞன்.

எண்ணிக்கையில் குறைவானாலும் இந்த ரசிகர்கள் எவ்வளவு பிடிவாதமானவர்கள் என்பதற்கு ஃபேமிலி கை என்ற கார்ட்டூன் தொடர் சாட்சி. ஃபாக்ஸ் சேனல் 2002-ல் அதை நிறுத்திவிட்டது. 2003-ல் அடல்ட் ஸ்விம் பழைய எபிசோடுகளை இரவில் ஓட்ட, டிவிடிகளும் பெருவாரியாக விற்க, 2005-ல் ஃபாக்ஸ் அதையே திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பாதி பதில் சட்டத்தில் கிடைக்கும். தியேட்டருக்குப் போகும் படத்துக்கு முன்கூட்டியே தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், டிவிக்குக் கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் இருக்கின்றன. ஆனால் ஸ்ட்ரீமிங்குக்கு 2021-ன் விதிகள் வயது வகை பிரித்து அடையாளமிடச் சொல்கின்றன, பெரியவர்களுக்கு மட்டும் என்ற வகையும் அதில் இருக்கிறது. முன்தணிக்கை கிடையாது. ஆக அந்தக் கதவு மூடியில்லை. மீதிப் பாதி பதில், வரைபடம் என்றால் பிள்ளைகளுக்கு என்று பணம் போடுகிறவர்கள் இன்னும் நம்புவது.

ஆனால் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசிய கார்ட்டூன்களோடு வளர்ந்த தலைமுறை இப்போது வேலைக்குப் போகிறது. பழைய கார்ட்டூன் துண்டுகளுக்குக் கொங்குத் தமிழில் குரல் கொடுத்து யூடியூபில் விடும் பையன்கள், அட்லாண்டாக்காரர்கள் 1994-ல் தொடங்கிய இடத்தில்தான் நிற்கிறார்கள்: அடுத்தவர் வரைந்த படம், சொந்தக் குரல். அடுத்து வேண்டியது சொந்தப் படமும் சொந்த ஆட்களும்.

சேலத்தில் அதற்குப் பஞ்சமா என்ன? இரவு கடை கட்டும் நேரத்துத் தட்டுவடை செட் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விற்காமல் மிஞ்சிய இரண்டு தட்டுவடைகள், நடுவில் வைக்கத் துருவிய பீட்ரூட், காரச் சட்னிக்கும் பச்சைச் சட்னிக்கும் தீராத தகராறு. எதிரே ஷிஃப்ட் முடிந்து வந்து சில்லறை தேடும் ஓர் இரும்பாலைத் தொழிலாளி. பதினோரு நிமிடத்துக்கு இது போதும். அசைய வேண்டியது வாய் மட்டும். குரலுக்கு மேச்சேரிப் பக்கத்துக் கூத்துக்காரர்களைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு எதைச் சொன்னால் கூட்டம் எழுந்து போகாது என்று அவர்களுக்குத் தெரியும்.